காபி போட்டாச்சு

ஆமாங்க, உடைச்சதுதான். கடப்பாரையை விட்டு நெம்பியிருக்காங்க, நிலையே பிளந்து கிடக்குது பாருங்க. திருடன் இல்லீங்க. திருடன் இத்தனை சத்தம் போட்டு உடைப்பானா? எதிர் வீட்டு சென்னியப்பன் உடைச்சது. உடைக்கச் சொன்னது எம்பொண்ணு. பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு, போன்லயே சொல்லி உடைக்க வச்சுட்டா. நானு உள்ள குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன்.

நீங்க பாட்டுக்குக் கதவு வேலையைப் பாருங்க, நான் பேசிட்டிருக்கறேன். எனக்குப் பேச ஆளில்ல. அப்படிச் சொல்லக்கூடாது, ஆளு இருக்காங்க, விஷயம் புரியற ஆளுதான் இல்ல. உங்களுக்குப் புரியும். கதவு, தாப்பாளு, யாரை உள்ள விடறது, யாரை விடக்கூடாது, எல்லாம் உங்க தொழில் சமாச்சாரம்தான்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்து ரிட்டையர்டு ஆனவன். சம்சாரம் தவறிட்டா. ஒரே பொண்ணு, கோகிலவாணி, கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான். பொழுது போகணுமில்லீங்க? என்னோட வேலை பார்த்தவங்க எல்லாம் கோயில் கமிட்டியில சேர்ந்து அங்க போயி சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. நான் புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டேன். நானாத்தான், வீடியோ பார்த்து. அந்த அலமாரியில ஸ்கிரீன் உடைஞ்ச லேப்டாப் ஒண்ணு இருக்குது பாருங்க, பச்சை லைட்டு மினுக்கு மினுக்குங்குதே, அதுதான் என்னோட சர்வரு. இழைக்கறப்ப சித்த தள்ளி நின்னு இழைங்க, தூசி போனா சூடாயிரும்.

சர்வருன்னா பெரிய விஷயமில்லீங்க. நீங்க போன்ல எதையாவது திறந்து பார்க்கறீங்கல்ல, அது எங்கயோ ஒரு பெரிய கம்பெனி மெஷின்ல இருந்து வருது. வாடகை வீடு மாதிரி. ஓனரு நெனச்சா காலி பண்ணுன்னுருவான். நான் சொந்த வீடு கட்டிட்டேன், அவ்வளவுதான். என்னோட வெப்சைட்டு, என்னோட வீட்டு மெஷின்ல, என்னோட கரண்டுல ஓடுது. ஒருத்தனும் நம்மளைக் கேக்க முடியாது.

வீட்டைக் கட்டிப்பாரு, கல்யாணத்தைப் பண்ணிப்பாருன்னு சொன்னவன் சர்வரு வச்சுப் பார்க்கல. கரண்டு போனா செத்துரும். கரண்டு வந்தா தானா எந்திரிக்கணும், எந்திரிக்காது. நெட்டுக்காரன் சொல்லாம கொள்ளாம நம்ம விலாசத்தை மாத்திருவான். மாத்திட்டா வெளிய இருந்து ஒருத்தரும் உள்ள வர முடியாது. போன் போட்டுக் கேட்டா, சார், உங்களுக்கு நெட்டு வருதில்ல, அப்பறம் என்ன சாருங்கறான். நல்லா ஓடிட்டிருக்கறப்ப, புதுசு வந்திருக்குது, போட்டுக்குங்கன்னு வரும். போட்டாப் போச்சு, அந்த வாரம் சோறு தண்ணி இல்ல. சந்தேகம் கேக்கறதுக்குன்னு நெட்டுல ஒரு இடம் இருக்குதுங்க, அங்க போயிக் கேட்டா, இதை ஏற்கனவே ஒருத்தன் கேட்டாச்சுன்னு மூடிப்போடுவானுங்க. எவனோ கேட்டது எனக்கு எப்படிங்க தெரியும்? அவன் கேட்டப்ப நான் எக்ஸ்சேஞ்சுல இருந்திருப்பேன்.

இத்தனை பாடும் எதுக்குன்னு கேப்பீங்க. மொத மொத அது வெளிய தெரிஞ்ச அன்னிக்கு, மேட்டூர் ரோட்டு பேக்கரியில நின்னுட்டிருந்தேன். ஒரு டீயைச் சொல்லிட்டு, போன்ல என்னோட பக்கத்தைத் திறந்தேன். மாடியில வெயில் அளக்கற சின்ன மெஷின் ஒண்ணு வச்சிருந்தேனுங்க. வீட்டு மொட்டை மாடி வெயிலு, அங்க பேக்கரியில, என்னோட உள்ளங்கையில தெரியுது. டீ ஆறிப்போச்சு. அத்தனை சந்தோசம். டீ மாஸ்டர்கிட்டக் காட்டுனேன், அவரு நிமிந்து பார்த்துட்டு, வெயில் இங்கயும் அடிக்குதுங்களேன்னாரு. சொன்னேன்ல, விஷயம் புரியற ஆளில்லைன்னு.

எடுங்க, எடுங்க, போன் அடிக்குது பாருங்க. நான் இருக்கறேன், பேசுங்க.

பேசியாச்சுங்களா? பொண்ணா? எத்தனை மணிக்கு வருவீங்கன்னா கேட்டா? இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க. வேலை முடிஞ்சா வரப்போறீங்க. பரவால்ல, சின்னப் பொண்ணு.

எங்க விட்டேன்? வெயிலு. வெயிலு, கரண்டு எப்பப் போச்சு எப்ப வந்துச்சு, அப்பறம் காபி. இதுதான் என்னோட வெப்சைட்டுல இருக்கறது. காபிங்கறது ஒரு விளையாட்டுங்க. சமையக்கட்டுல அடுப்புக்குப் பக்கத்துல சிவப்பா ஒரு பொத்தான் வச்சிருக்கறேன். காலைல காபி போட்டதும் அதை ஒரு அமுக்கு. உடனே வெப்சைட்டுல, காபி போட்டாச்சுன்னு நேரத்தோட வந்துரும். உலகத்துல எங்கிருந்து வேணா பார்க்கலாம். யாரு பார்க்கறான்னா, யாரும் பார்க்கல. அது கணக்கில்லீங்க. ஓடுதா இல்லையாங்கறதுதான் கணக்கு.

இப்ப எம்பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஒரு நா சர்க்கரை கொஞ்சம் இறங்கிப்போயி சமையக்கட்டுல உக்காந்துட்டேன். விழுகலீங்க, உக்காந்தேன். உக்காந்த மேனிக்கு அப்படியே சாஞ்சுட்டேன். வேலைக்கு வர்ற அம்மா பார்த்துட்டு ஊரைக் கூட்டிப்போட்டுது. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனாங்க, எந்திரிச்சு வந்துட்டேன். அதுல இருந்து புடிச்சுதுங்க வாணிக்கு வெசனம். காலைல ஒரு போனு, பொழுதோட ஒரு போனு. எந்திரிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா, என்ன பண்றீங்க. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு புரோகிராமு எனக்குப் பிடிபட்டு வரும். போன் அடிச்சா அத்தனையும் கலைஞ்சு போயிரும். மறுபடி முதல்ல இருந்து.

தீபாவளி நோம்பிக்கு வந்தப்ப மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டேன். அம்மிணி, நான் சீக்காளி இல்ல, தெனமும் ஆசுபத்திரியில கேக்கற மாதிரி போன் பண்ணிக் கேக்காதே, ஏதாவது ஒண்ணுன்னா நானே பண்றேன்னு. பட்டுனு சொல்லிர்றது நல்லதுதானுங்க. சரிங்கப்பான்னா. ஊருக்குப் போனா. நிறுத்திட்டா.

நிறுத்திட்டாளுங்க. தெனமும் வேண்டாம்னா எப்பவுமே வேண்டாம்னா அர்த்தம்? ஒரு பொண்ணு அப்படியா பண்ணுவா? பொங்கலுக்கு ஒரு போனு, அவங்கம்மா திதிக்கு ஒரு போனு. நல்லா இருக்கீங்களாப்பா, நல்லா இருக்கறேன், வச்சுட்டா. நானே பண்றேன்னு சொன்னேன், சரி. ஆனா எனக்கு ஒண்ணும் ஆகலியே, ஆகாம எப்படிப் பண்றது? இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பாசங்கறதே கம்மிதானுங்க. சென்னியப்பன் மகன் துபாய்ல இருக்கறான், தெனமும் வீடியோவுல வந்து பேசறான். சென்னியப்பன் அதைத் தெருவுல நின்னு, ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவாரு.

அந்தச் சமயத்துலதான் வந்தான் அவன். அவன்னு சொல்றேன், ஆளு யாருன்னு தெரியாது. நம்ம வெப்சைட்டுக்கு யாரு வந்தாங்க, எந்த விலாசத்துல இருந்து வந்தாங்கன்னு சர்வரு எழுதி வச்சுக்கும். காலைல காபியோட அதை ஒரு பார்வை பார்க்கறது எனக்குப் பேப்பர் படிக்கற மாதிரி. அதுல ஒரே விலாசம் திரும்பத் திரும்ப. கால் மணிக்கு ஒருக்கா. ராத்திரி, பகலு, ஞாயித்துக்கிழமை, நல்ல நாளு கெட்ட நாளு எதுவும் கிடையாது. வர்றான், காபி போட்டாச்சாங்கற பக்கத்தை மட்டும் பார்க்கறான், போயிர்றான்.

உண்மையைச் சொல்றேன், எனக்கு மொதல்ல பெருமையாத்தான் இருந்துது. இத்தனை பெரிய உலகத்துல நம்ம காபியைப் பார்க்க ஒரு ஆளு இருக்கறானேன்னு. காபி போட லேட்டானா மனசு அடிச்சுக்கும், பாவம், காத்திட்டிருப்பானேன்னு. சிரிக்காதீங்க. தனியா இருந்தா அப்படித்தான்.

அப்பறம் நெட்டுல அந்தச் சந்தேகம் கேக்கற இடத்துல சொன்னேன். ஒருத்தன் சொன்னான், ஐயா, அது மனுசனே இல்ல, மெஷினு. உலகம் பூரா இப்படி மெஷினை ஓட விட்டிருக்கானுங்க, திறந்து கிடக்கற வீடு எது, எதுல என்ன தூக்கலாம்னு பார்க்கறதுக்கு. உங்க சர்வரைத் தின்னுட்டு இருக்குது, மொதல்ல புடிச்சு வெளிய தள்ளுங்கன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். ரசிகன்னு நெனச்சவன் திருடனா?

சனிக்கிழமை பொழுதோட உக்காந்து ஒரு காவல் புரோகிராம் எழுதுனேன். இத்தனை தடவைக்கு மேல எவன் வந்து தட்டுனாலும், அந்த விலாசத்துக்குக் கதவைச் சாத்து. பதிலே சொல்லாதே. தட்டறவனுக்கு வீடு இருக்கறதே தெரியக்கூடாது. ஓட விட்ட உடனே அந்தக் கால் மணிக்காரன் மாட்டுனான். கை தட்டுனேனுங்க, தனியா உக்காந்து. ஒவ்வொருத்தனைத் தள்ளறப்பவும் எனக்குப் போன்ல சேதி வர்ற மாதிரி வச்சிருந்தேன். ஆனா அவன் ஒருத்தன் இல்லையே, இன்னும் ஊர்ப்பட்ட திருட்டு மெஷின் வருது. போனு டுங்கு டுங்குன்னு அடிச்சுக்கிட்டே கிடக்குது. தொல்லை தாங்காம போனை சைலண்ட்ல போட்டு, சமையக்கட்டுல கவுத்து வச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சேன், காபி போட்டேன், பொத்தானை அமுக்குனேன். எல்லாம் முறையாத்தான் பண்ணுனேன். வெப்சைட்டும் காபி போட்டாச்சுன்னு சொல்லிட்டுத்தான் இருந்துது. மாடி ரூமுக்குப் போயி ஹெட்போன் மாட்டிட்டு ஒரு பாடம் பார்க்க உக்காந்தேன். உக்காந்தா எனக்கு நேரம் காலம் தெரியாது.

காலிங் பெல்லா? அங்கதான் இருக்குது கூத்து. பழைய பெல்லு டிங் டாங்குனு கேவலமா அடிக்குதுன்னு அதைப் புடுங்கிப்போட்டு, நானே ஒண்ணு செஞ்சு மாட்டியிருந்தேன். வாசல்ல அமுக்குனா சர்வருக்குப் போயி, அங்கிருந்து என்னோட போனுக்கு வரும். வீட்டுல எந்த மூலையில இருந்தாலும், ஏன், பேக்கரியில இருந்தாலும் தெரியும். அருமையா வேலை செய்யும். அன்னிக்கும் செஞ்சுதுங்க, நான் அப்பறம் பார்த்தேன், சென்னியப்பன் அமுக்குன ஒவ்வொரு அமுக்கும் போனுக்கு வந்து சேர்ந்திருக்குது. போனுதான் சைலண்ட்ல இருந்துச்சு. அது பெல்லோட தப்பு இல்லையே.

தட்டியிருக்காரு, கூப்புட்டிருக்காரு, ஜன்னல்ல கல்லு விட்டுப் பார்த்திருக்காரு. உள்தாப்பாள் போட்டிருக்குது, ஆளு உள்ளதான்னு தெரியுது. வாணி அவருக்குப் போன் மேல போனு. உடைச்சிருங்க மாமா, உடைச்சிருங்கன்னு அழுதிருக்கறா. உடைச்சாங்க. நான் ஹெட்போனைக் கழட்டிட்டுத் திரும்பறேன், ரூம் வாசல்ல சென்னியப்பன் கடப்பாரையோட நிக்கறாரு, பின்னால தெருவே நிக்குது. சென்னியப்பன் சம்சாரம் வாயில சேலையைப் பொத்திட்டு அழுகுது. எனக்கு மானமே போச்சுங்க. அத்தனை பேரு முன்னால, என்னங்க ஆச்சுன்னு நான் கேக்கறேன், என்னங்க ஆச்சுன்னு அவங்க கேக்கறாங்க.

அப்பா நல்லா இருக்காரும்மான்னு சென்னியப்பன் உடனே போன்ல சொல்லிட்டாரு. அதோட விஷயம் முடிஞ்சுதில்ல? அவ திரும்பிப் போயிருக்கலாம்ல? இல்ல. வாடகைக் காரு எடுத்துக் கிளம்பியிருந்தவ அப்படியே வந்துட்டா. பொழுது சாயற நேரத்துக்கு வந்து இறங்குனா. தலை கூடச் சீவல. வீட்டுல போடற செருப்பு. உடைஞ்ச கதவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, சோபாவுல உக்காந்தா. நான்தான் காபி போட்டுக் குடுத்தேன்.

வெப்சைட்டை என்னப்பா பண்ணுனீங்கன்னு கேட்டா. எனக்கு ஆச்சரியம், இவளுக்கு நம்ம வெப்சைட்டு மேல இத்தனை அக்கறையான்னு. சந்தோசமாவே சொன்னேன். ஒரு திருட்டு மெஷினு அம்மிணி, ரொம்ப நாளாத் தொந்தரவு, புடிச்சு வெளிய தள்ளிட்டேன்னு. எப்படிப் புடிச்சேன்னு விளக்கமும் சொன்னேன். கேட்டுட்டே இருந்தா.

"கால் மணிக்கு ஒருக்கா வர்றதாப்பா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"அது நான்தாம்ப்பா."

போன் பண்ணாதேன்னு நான் சொன்ன வாரமே அவ அதை எழுதியிருக்கறா. சின்னப் புரோகிராமு. நான் காபி போட்டுட்டேனான்னு அது வந்து பார்க்கும். போட்டுட்டா அவ போனு சும்மா இருக்கும், அவ குளிச்சிட்டு வேலைக்குப் போவா. எட்டு மணிக்குள்ள போடலீன்னா அவளை எழுப்பிரும். அன்னிக்கு எழுப்பியிருக்குது. எழுப்பிப் பார்த்தா காபி மட்டும் இல்ல, வீடே இல்ல. போன் பண்ணுனா எடுக்கறதுக்கு ஆளும் இல்ல.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சுங்க, கேட்டேன். காலைல மட்டும் வந்து பார்த்தாப் போதுமே அம்மிணி, எதுக்கு ராத்திரி பூராக் கால் மணிக்கு ஒருக்கா ஓட விட்டே, அப்படி எழுதுனா எவனும் திருடன்னுதானே நெனப்பான்னு. தொழில் முறையில நான் கேட்டது சரிதானுங்க. ராத்திரி பதில் வரலீன்னா கரண்டு போச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்ப்பா, ஃபேன் இல்லீன்னா நீங்க தூங்க மாட்டீங்கன்னா. அந்த மெஷினுக்குப் பேரு கூட வச்சிருந்தாளாம். வர்ற மெஷினு பேரு சொல்லிட்டு வரணும்னு ஒரு மரியாதை இருக்குது எங்க தொழில்ல. அம்மிணின்னே வச்சிருந்தேனே, பார்க்கலியாப்பான்னு கேட்டா. திருட்டுப்பசங்க எல்லாம் பொய்ப்பேருதான் சொல்லுவானுங்க, அதனால பேரு எழுதியிருக்கற கட்டத்தை நான் பார்க்கறதே இல்ல. அப்படித்தான் அவகிட்டயும் சொன்னேன்.

சரி, தெரியாம நடந்துபோச்சு, உன்னோட விலாசத்தைச் சொல்லு, உனக்கு மட்டும் எப்பவும் கதவைத் திறந்தே வைக்கறேன்னு நான் புரோகிராம் எழுதற லேப்டாப்பை எடுத்துட்டு உக்காந்தேன். ரெண்டு வரி எழுதுனாப் போதும். அவ விலாசத்தைச் சொல்லல.

"வேண்டாம்ப்பா. அதை அழிச்சுட்டேன். வர்ற வழியிலயே அழிச்சுட்டேன். ஓசூரைத் தாண்டி, கிருஷ்ணகிரியில மாமா போன் வர்ற வரைக்கும் நான் அப்பா செத்துப்போன பொண்ணாத்தான் காருல உக்காந்து வந்தேன். இன்னொரு தடவை என்னால ஆகாது."

அழுகலீங்க. சாதாரணமாச் சொன்னா. மறுநா வெடியால முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டா. உடம்பைப் பார்த்துக்குங்கப்பான்னா. உடைஞ்ச கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு நானே பஸ் ஸ்டாண்டுல கொண்டு போயி விட்டுட்டு வந்தேன். வழியில ரெண்டு பேரும் கரண்டைப் பத்திப் பேசிட்டுப் போனோம்.

சும்மா இருக்கறவனா நானு? ஒரு வழி கண்டுபுடிச்சேன். அவ வந்து பார்க்க வேண்டாம், நம்மளே சொல்லிருவோம். காலைல காபிப் பொத்தானை அமுக்குனா, நல்லா இருக்கறேன் அம்மிணின்னு அவ போனுக்குத் தானாச் சேதி போற மாதிரி எழுதுனேன். ஒரே தடவையில ஓடுச்சுங்க, ஒரு பிழை இல்ல. நான் எழுதுனதுலயே நல்ல புரோகிராம் அதுதான். மொத நா போச்சு, பதில் இல்ல. மறுநா போச்சு. பதில் வந்துது. இதை அனுப்பறது நீங்களாப்பா, மெஷினான்னு கேட்டிருந்தா.

மெஷின்தான் அம்மிணி, நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல, எல்லாம் தானாப் போயிரும்னு போட்டேன். பெருமையாத்தான் போட்டேன். என்னங்க தப்பு? அவ மெஷினை விட்டு என்னைப் பார்க்கலாம், நான் மெஷினை விட்டுச் சொல்லக்கூடாதா? நியாயத்தை நீங்களே சொல்லுங்க. அதுல இருந்து அவகிட்ட இருந்து ஒரு எழுத்து வரல. காவல் புரோகிராமையும் எடுத்துப்போட்டேன். எல்லாக் கதவும் திறந்துதான் கிடக்குது. ரஷ்யாவுல இருந்து வர்றான், பிரேசில்ல இருந்து வர்றான், கண்ட கழுதையும் வருது. இப்ப அந்தப் பேருக் கட்டத்தைத்தான் ஒண்ணு விடாமப் பார்க்கறேன். அம்மிணின்னு ஒண்ணும் வர்றதில்ல.

என்னங்க? போன் பண்ணுங்கன்னா?

பண்ணலாம்தான். நேத்துக்கூடக் கையில எடுத்தேன். பண்ணக்கூடாதுன்னு சொன்னவனே பண்ணுனா என்ன நெனப்பாளோன்னு வச்சுட்டேன். இல்லீங்க, அதுகூட இல்ல. அவ எடுப்பா. எடுத்து, சொல்லுங்கப்பாம்பா. எப்பவும் அப்படித்தான் சொல்லுவா. அதுக்கப்பறம் நான் என்னங்க சொல்றது? நீங்க உங்க பொண்ணுகிட்ட என்ன சொல்லி ஆரம்பிப்பீங்க? சித்த அந்த இழைப்புளியைக் கீழ வச்சுட்டுச் சொல்லுங்க.